மூச்சு விடக் கூடாது

முழங்கையைத் தூக்கு, முழங்கையைத் தூக்கு என்று பன்னிரண்டு வருஷமாகக் கத்துகிறேன், ஒரு முழங்கையாவது எழுந்தபாடில்லை. நீச்சல் குளத்தில் மூன்றாவது லேனில் சாம்ராஜ் நின்றுவிட்டான். நிற்பான். பத்து மீட்டர் போனதும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே எச்சில் துப்பித் தேய்த்து, மறுபடி மாட்டி, "கண்ணாடில தண்ணி ஏறிட்டு சார்" என்பான். ஏறாம என்னல செய்யும், நீ கிடக்கது தண்ணியிலதான, பாயசமா ஏறும் என்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இன்னும் நான்கு லென்த் விரட்டலாம், ஆனால் இன்றைக்கு நேரமில்லை. ஆறரைக்கு டைம் ட்ரயல். மாவட்டப் போட்டிக்கு நாளைக்குள் பெயர் போயாக வேண்டும், சின்னப் பெண்களுக்கான ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைலில் எங்கள் கிளப்புக்கு ஒரே ஒரு இடம், அதற்கு நாலு பிள்ளைகள், அந்த நாலு பிள்ளைகளின் வீட்டிலும் யாரும் நேற்று சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இப்போது ஆறேகால். ஞாயிற்றுக்கிழமை. நான் கிளம்பும்போது எஸ்தர் வாசலில் நின்று, "ரெண்டாம் ஆராதனைக்காவது வந்து சேருங்க, நனைஞ்ச கோழியா வந்து நிக்காதிய" என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் அவளுக்கு ஒன்று புரியவில்லை. கோச் நனைய மாட்டான். கரையில் காய்ந்துபோய் நின்று கத்துவதற்குத்தான் கோச். நான் கடைசியாக நனைந்தது எப்போது என்று கேட்டால் எனக்கே, சரி, அது தெரியும், வியாழக்கிழமை, வியாழக்கிழமையை இப்போது நினைக்க வேண்டாம். ஏலே சாம்ராஜ், கயிறு என்ன உங்க வீட்டு ஊஞ்சலா, போல.

கேலரியில் அப்பாக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாக்களை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, துண்டும் பிளாஸ்குமாக ஓரத்தில் இருப்பார்கள், பிள்ளை வெளியே வந்ததும் தலையைத் துவட்டிக் கூட்டிப்போவார்கள். அப்பாக்கள்தான். ஒவ்வொருவர் கையிலும் ஃபோன், ஃபோனுக்குள் ஸ்டாப்வாட்ச், என்னுடையதைவிட எப்போதும் ஒரு வினாடி குறைவாகக் காட்டும் ஸ்டாப்வாட்ச். "நாங்கல்லாம் ஆத்துல தானா படிச்சோம் சார், எங்க அப்பன் கோச்சா வச்சான்?" என்று தினம் ஒருவராவது சொல்லாமல் போவதில்லை. தாமிரபரணியில் இக்கரையில் இறங்கினால் அக்கரையில் ஏறுவாராம். ஆறு இழுத்துக்கொண்டு போயிருக்கும் ஐயா, நீர் மிதந்திருப்பீர் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். என் பாதிப் பொழுது வாயை அடக்குவதில் போகிறது, மீதிப் பொழுது அடக்காமல் விட்டதற்கு வருத்தப்படுவதில். இந்தக் கூட்டத்தில் நயினார் மட்டும் வேறு மாதிரி. அதுதான் எனக்கு ஆத்திரம். ஸ்டாப்வாட்ச் கிடையாது, ஆற்றுக்கதை கிடையாது, செருப்பை வெளியே கழற்று என்று நான் எழுதி வைத்த பலகையை மதிக்கிற ஒரே மனிதர். இருபது வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு இரண்டு வருஷம் முன்புதான் ஊருக்குத் திரும்பியவர். அங்கே பிறந்த பெண்ணுக்கு, ஊர் நினைப்பு தாங்காமல், காந்திமதி என்று அம்மன் பெயரையே வைத்திருக்கிறார். எங்களுக்கு மதி. பதினோரு வயது. இன்று நான்காவது லேன். இப்போது அந்த நயினார் கேலரியில் மேல்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லா அப்பாவும் தண்ணீரைப் பார்க்கிறார்கள், இவர் என்னைப் பார்க்கிறார். காலையில் கேட்டில் வைத்தே, "சார், மூணு நாளா ஃபோன் அடிக்கேன், சுவிட்ச் ஆஃப்னே வருது" என்றார். ரிப்பேர் சார் என்று சொல்லிக்கொண்டே மோட்டார் அறைக்குள் புகுந்துவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. குளோரின் டப்பாக்களை எண்ணினேன். ஏழு. மறுபடியும் எண்ணினேன், அப்போதும் ஏழுதான்.

மதியைப் பற்றிச் சொன்னால், சொன்னதைச் செய்யும் பிள்ளை. அதில்தான் வம்பே. மற்றதுகள் நான் பத்து சொன்னால் ஒன்றைச் செய்யும், அந்த ஒன்றும் தப்பாக இருக்கும், ஆனாலும் சமாளித்துவிடலாம். இது சொன்னதைச் சொன்னபடி செய்யும். பம்பாயில் வளர்ந்த தமிழ், வீட்டில் பேசுகிற தமிழ், சாப்பிடு தூங்கு குளிக்கப் போ என்கிற தமிழ். நாம் பேச்சுவாக்கில் விடுகிற வார்த்தையெல்லாம் அதற்குப் பிடிபடாது. ஒருநாள் நாலு தடவை சொல்லியும் காலை மடக்கி மடக்கி அடிக்கிறாள் என்று எரிச்சலில், போ, உன்னையத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தன. இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என் முகத்தையே பார்த்தபடி கிடக்கிறாள். என்ன பிள்ள என்றேன். "எப்ப சார் தெளிப்பீங்க?" என்றாள். கேலியில்லை, கிண்டலில்லை, கண் இரண்டும் நிஜமாகவே கேட்கிறது. என்ன செய்ய, குனிந்து ஒரு கை அள்ளித் தெளித்தேன். தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டுப் போனாள், காலை நீட்டி அழகாக அடித்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எஸ்தர் சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளைட்டயாவது பாத்துப் பேசுங்க" என்றாள். எஸ்தர் எதையும் ஒரு தடவைதான் சொல்லுவாள், அது மூன்று மாதம் கழித்து வந்து உதைக்கும்.

வியாழக்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அது வேறு எங்கே போகும். அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே கோபம். கைக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி வாயைப் பிளக்கிறார்கள், இரண்டு கை போடு அப்புறம் மூச்சு எடு என்றால் கேட்பதில்லை, இருபத்தாறு பிள்ளைகளும் கொட்டாவி விட்டுக்கொண்டே நீந்துவதுபோல இருந்தது. சரி, உங்களுக்கு இப்படிச் சொன்னால் ஆகாது என்று மூச்சடக்கி ஒரு லென்த், பதினைந்து வினாடி ஓய்வு, மறுபடி ஒரு லென்த், ஆறு தடவை போடுங்கள் என்றேன். இந்த வயதுக்கு அது கூடாது. கோச்சுகளுக்கான பயிற்சி வகுப்பில் எனக்கு அதைச் சொல்லித்தந்தார்கள், நானே நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தெரியாமல் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு, நான் தெரிந்து செய்தேன், கோபத்தில் செய்தேன். மற்றதுகளெல்லாம் வழக்கம்போல ஏமாற்றின, பாதியில் எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு எனக்கே தண்ணி காட்டிவிட்டு ஓடிப்போய்க் குளித்துக்கொண்டிருந்தன. மதி ஏமாற்றவில்லை. கடைசியாக அவள் மட்டும்தான் தண்ணீரில். ஐந்தாவது தடவை, சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது அவள் கை நின்றது. கால் நின்றது. தொடுவாள் என்று பார்த்தேன், தொடவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்று பார்த்தேன் என்பதை மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வினாடி என்று சில சமயம் வருகிறது, ஐந்து என்று சில சமயம். பேண்ட் சட்டையோடு, பையில் ஃபோனோடு குதித்தேன். உதடு நீலம். தலை என் தோளில் கனமே இல்லாமல் கிடந்தது. மதி மதி என்று கத்தினேனா, ஆண்டவரே என்று கத்தினேனா தெரியாது. பிறகு ஒரு இருமல், மூக்கிலிருந்து தண்ணீர், கண் திறந்து, "தொட்டேனா சார்?" என்றாள். சுவரோரம் உட்கார வைத்தேன். குளியலறையில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, யாரும் பார்க்கவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை என்பது என் புத்தியில் உறைத்த அந்த நிமிஷம்தான் நான் கெட்டுப்போன நிமிஷம். குனிந்து அவள் காதுப்பக்கம், மதி, மூச்சு விடக் கூடாது, தெரியுதா, மூச்சே விடக் கூடாது என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று பச்சையாகச் சொல்ல நாக்குக் கூசியது, அதனால் அப்படிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சரி சார்.

அந்த ஃபோன் இப்போது எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. பாத்ரூமில் விழுந்துவிட்டது என்று எஸ்தரிடம் சொன்னேன். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளக்கும்போது அதை எடுத்துத் தட்டிப் பார்த்து, "உயிர் வரலயே" என்று சொல்லி மறுபடி புதைக்கிறாள். உயிர் என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நயினார் எதற்கு மூன்று நாளாக அடிக்கிறார்? தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அடித்துக்கொண்டிருக்க மாட்டார், நேரே வந்து என் சட்டையைப் பிடித்திருப்பார். நானாக இருந்தால் பிடித்திருப்பேன். தெரியாது. பிள்ளை சொல்லாது, சொன்னதைச் செய்யும் பிள்ளை. தொப்பி சைஸ் கேட்கவோ, போட்டிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கவோ இருக்கும். அப்படியானால் ஏன் தண்ணீரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்? நானே போய்ச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று சைக்கிள் கடை வரைக்கும் போனேன், அவர் வீடு அதற்கு அடுத்த தெரு, கடையில் நின்று வண்டிக்குக் காற்றடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சனிக்கிழமையும் காற்றடித்தேன். எனக்கு ஒரு குளம் ஞாபகத்துக்கு வரும். வேறு ஊர், நான் அப்போது உதவிக் கோச், ஒரு பையன் ஆழத்தில் மூழ்கிப் போய்விட்டான், அந்தக் கோச் அன்றோடு ஊரைவிட்டுப் போனார், குளத்தைப் பூட்டினார்கள். எட்டு மாதம் கழித்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், பச்சைப் பாசி, தவளை கத்திக்கொண்டிருந்தது. நான் சொன்னால் இங்கேயும் பூட்டுவார்கள், இருபத்தாறு பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருக்காது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். இருபத்தாறு பிள்ளைகளுக்காகவாம். பொய். பாளையங்கோட்டையில் இந்த ஞானதுரை கோச் என்றால் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று நாலு பேர் சொல்வார்கள், அந்த நாலு பேருக்காக. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இந்த மூன்று நாளும் வாயைத் திறக்காமலே கெட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறரை. சாம்ராஜையும் மற்றவர்களையும் வெளியேற்றி, நாலு பெண் பிள்ளைகளையும் ஆழம் குறைந்த பக்கம் வரிசையாக நிறுத்தினேன். போய் ஒரு லென்த், திரும்பி வர ஒரு லென்த், அவ்வளவுதான், முழங்கை முழங்கை என்று கடைசியாக ஒரு தடவை சொன்னேன். மதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், என்னமோ எங்கள் இருவருக்குள் ஒரு ஒப்பந்தம் இருப்பதுபோல. இருக்கத்தானே செய்கிறது. நிமிர்ந்தால் நயினார் மேல்படியில் இல்லை. இறங்கி வருகிறார். செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடியாக வைத்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த ஈரத் தரையில் வழுக்காமல் நிதானமாக என்னைப் பார்த்து வருகிறார். "சார், ஆரம்பிக்க முந்தி ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கினார். நான் பார்க்காததுபோல விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டேன். நாலு பிள்ளைகளும் பாய்ந்துவிட்டன. அப்பாடா, இனி நாற்பது வினாடிக்கு என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, ஸ்டாப்வாட்சைப் பார்க்கிறவனிடம் பேசக் கூடாது, அது எல்லா அப்பாவுக்கும் தெரிந்த மரியாதை. மூன்றாவது லேன் பிள்ளை வழக்கம்போலக் கோணலாகப் போகிறது. நாலாவது லேன், அடேயப்பா. முழங்கை எழுந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முழங்கை. தலை கல்லாக நிற்கிறது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடவில்லை, ஒன்றரை உடம்பு முன்னால் போய்விட்டாள், நான் கத்தின கத்தலெல்லாம் வீண்போகவில்லை. சுவரில் திரும்பும்போது பத்தொன்பது. பத்தொன்பதா! நயினார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "சார், உங்க ஃபோன்." தண்ணியில விழுந்துட்டு சார், ட்ரயல் முடியட்டும் என்றேன். "தெரியும் சார். பேண்டு பையில இருந்துச்சுல்லா." என் கண் ஸ்டாப்வாட்சில்தான் இருந்தது, அதில் எண்கள் ஓடின, ஒன்றுகூடத் தெரியவில்லை. "மதி அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டா சார். சாரு அப்படியே குதிச்சுத் தூக்கினாங்கன்னு. டாக்டர்ட்டயும் காட்டிட்டோம், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. மொதல்ல உங்களுக்கு நன்றி சொல்லத்தான் அடிச்சேன். அப்புறம் நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவர் குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "இப்ப வந்தது அதுக்கில்ல. நேத்து ராத்திரி அவ அழுதுட்டுக் கெடந்தா சார், தப்பு எம்மேலதான், மூச்சே விடக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காங்க, இந்தத் தடவ விடவே மாட்டேன்னு. அப்படியா சார் சொல்லிக்குடுக்கீங்க?"

தலை கல்லாக நிற்கிறது. ஆடவில்லை. போகும்போது ஒரு தடவை மூச்சுக்குத் திரும்பினாளா? இல்லை. சுவரில்? இல்லை. நான் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதி, மூச்சு விடு என்று கத்தினேன், மூச்சு விடு பிள்ள, மூச்சு விடு, தெரு முழுக்கக் கேட்கும் என்று எஸ்தர் சொல்லும் அந்தக் குரலில் கத்தினேன், தண்ணீருக்குள் இருக்கிற காதுக்கு அது எப்படிக் கேட்கும். கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் எங்கே போனதோ. குதித்துவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர், கயிற்றுக்கு அடியில் புகுந்து, கால் தரையில் நழுவ, எதிரே வந்துகொண்டிருந்த பிள்ளையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் என் மார்பும் ஏறி இறங்கியது. இருமினாள், மூக்கு ஒழுகியது, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், பிறகு என் கையை உதறித் தள்ளினாள். "ஏன் சார் பிடிச்சீங்க? தொடப் போனேன் சார்! இன்னும் கொஞ்சம்தான் சார் இருந்துச்சு! ஒரு தடவகூட விடல சார், நீங்க பாக்கவே இல்லயா?" மற்ற மூன்று பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன. கேலரியில் அப்பாக்கள் எழுந்து நின்றார்கள். நயினார் கரையில் முழங்காலிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவர் அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. மதி, அன்னைக்கு நான் சொன்னது அது இல்ல என்றேன். "மூச்சு விடக் கூடாதுன்னுதான சார் சொன்னீங்க? ரெண்டு தடவ சொன்னீங்க." சொன்னேன்மா, ஆனா அதுக்கு அர்த்தம் வேற. "என்ன அர்த்தம் சார்?" முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. பம்பாயில் எத்தனை வருஷம் இருந்தால் என்ன, அவர் இந்த ஊரில் பிறந்தவர், அவருக்கு அர்த்தம் தெரியும், இந்த நொடியில்தான் உறைக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால்கூட அவர் பிள்ளை முன்னால் என்னைக் கேட்க மாட்டார், அப்படிப்பட்ட மனிதர். ஆனால் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, தண்ணீர் எப்போது தெளிப்பேன் என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை, இதைத் தெரிந்துகொள்ளாமல் அது அடுத்த தடவை தண்ணீரில் இறங்கவே கூடாது. நடந்ததை வீட்ல சொல்லாதன்னு அர்த்தம்மா என்றேன். உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிறக் கூடாதுன்னு நான் அப்படிச் சொன்னேன். நான் பயந்துட்டேன். மதி மூக்கை உறிஞ்சினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் நனைந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு, உண்மையிலேயே எரிச்சலோடு, நான் சாம்ராஜிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்: "அப்போ சொல்லாதன்னே சொல்லியிருக்கலாம்ல சார்?"